சுஹைரா காட்டிய சேறு

தாழைமுனைப் பெண்கள் மட்டியைக் கண்ணால் தேடுவதில்லை. ஆற்றுவாயின் கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை கிடையாது. காலால்தான் தேடுவார்கள். பெருவிரல் சேற்றுக்குள் துழாவிக்கொண்டே போகும். ஓடு தட்டுப்பட்டால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கவ்வி, முழங்காலை மடக்கி, கைக்கு எட்டக் கொடுக்கும். கை அதை இடுப்புக் கயிற்றில் பின்னால் மிதந்துவரும் பிளாஸ்டிக் பேசனுக்குள் போடும். தண்ணீர் வற்றத் தொடங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை இதே வேலைதான். இடையில் கதை, ஏச்சு, சிரிப்பு எல்லாம் நடக்கும். கால் மட்டும் நிற்காது.

சுஹைராவின் இடது காலில் சுண்டுவிரல் இல்லை. சீனி வருத்தம் இருப்பது தெரியாமல், சிப்பி வெட்டிய புண்ணோடு பல நாள் சேற்றில் இறங்கியிருக்கிறாள். பெரியாஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். அதற்காக அவள் அழவில்லை. "மட்டி புடிக்கிறது பெருவிரல்தானே, அது இரிக்கி" என்று சொல்லிவிட்டு, புண் ஆறியதும் பழைய காலுறை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அதன்பிறகு கரையேறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, உள்ளங்காலைச் சின்னக் கண்ணாடியில் பார்க்காமல் அவள் வீட்டுக்குப் போவதில்லை. மற்றப் பெண்களுக்கும் அதைத் திட்டித் திட்டியே பழக்கிவிட்டாள்.

தாழைமுனை கிண்ணியாவுக்கு அப்பால், ஆறு குடாவுக்குள் விழும் இடத்தில் இருக்கிறது. சுஹைரா அங்கேயே பிறந்தவள். மூன்று தடவை ஊரை விட்டுப் போனாள். ஒரு தடவை சண்டைக்கு, ஒரு தடவை சுனாமிக்கு, ஒரு தடவை குவைத்துக்கு. குவைத்துக்குப் போனதற்குக் காரணம் கணவர் லாபிர். கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் எடுத்துக்கொண்டார். "மௌத்தாகிட்டார் எண்டு நினைச்சிக்க புள்ள" என்று உறவுக்காரி ஒருத்தி ஆறுதல் சொல்ல வந்தாள். "மௌத்தானா கபுறாவது இரிக்கும்" என்று சொல்லி அவளைத் தேத்தண்ணியோடு அனுப்பிவைத்தாள் சுஹைரா.

குவைத்தில் பாரிசவாதம் வந்து படுத்த கிழவி ஒருத்தியை அவள் பார்த்தாள். புரட்டிப் போடுவது, துடைப்பது, படுக்கைப் புண் வராமல் காப்பது. வந்த புண்ணுக்கு மருந்து கட்டுவதும் அங்கேதான் பழகியது. அந்த உழைப்பில் வீட்டுக்குக் கூரை போட்டாள், மகள் ஷிஃபானாவுக்கு மாப்பிள்ளை எடுத்தாள், திரும்பவும் சேற்றில் இறங்கினாள்.

ஆற்றுவாயின் வடகரையில் ஒரு காலத்தில் கண்டல் காடு நின்றது. வேர்கள் காலைத் தட்டும் அளவுக்கு நெருக்கம். அதை முனாப் ஹாஜியார் இறால் வளர்க்கப் போகிறேன் என்று பெக்கோ மெசின் கொண்டுவந்து வழித்தெடுத்தார். குளம் வெட்டினார், உயர வரம்பு கட்டினார். கொஞ்சக் காலம் இறால் லொறியில் போனது. பிறகு இறாலுக்கு நோய் வந்தது. ஹாஜியார் குளத்தை அப்படியே விட்டுவிட்டு சீமெந்துக் கடைக்குப் போய்விட்டார். வரம்பு மட்டும் நின்றது. காடு போனதோடு நண்டு குறைந்தது, கரை இடிந்தது, மாரியில் தண்ணீர் குசினிவரை வந்தது. ஹாஜியாரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பள்ளிவாசலுக்குத் தண்ணீர் மோட்டர் கொடுத்தவரிடம் எப்படிக் கேட்பது?

பெண்கள் பக்கமும் பிழை இல்லாமல் இல்லை. தாழைமுனையில் ஒரு வழக்கம் உண்டு: விரலிடுக்கில் நிற்காமல் வழுகும் மட்டியை விட்டுவிட வேண்டும். அது குஞ்சு. யாரும் அளவு பார்க்கத் தேவையில்லை, காலே அளந்துவிடும். அரிசியும் காஸும் எட்டாத விலைக்குப் போன அந்தக் கெட்ட வருடத்தில் இந்த வழக்கம் உடைந்தது. இரும்பு முள்ளால் சேற்றைக் கிளறி, குஞ்சு, பெரிது பாராமல் அள்ளினார்கள். சுஹைராவும் அள்ளினாள். இரும்புக்கு அளவு தெரியாது. அடுத்த வருடம் மட்டி அரைவாசியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் நீலக்கரை அமைப்பின் வேன் வந்தது. பதாகை, மஞ்சள் சட்டை, பொலித்தீன் பையில் வளர்த்த கண்டல் கன்றுகள் எல்லாம் வந்தன. கூடவே நாட்கூலியும் பிரியாணிப் பார்சலும். திட்ட அலுவலர் சிவரூபன், பாலையூற்றுப் பொடியன். மரியாதையான பிள்ளைதான். முழங்காலுக்குக் களிசானை மடித்துவிட்டு நின்று கேட்டான்:

"அம்மா, உங்களுக்குத்தான் இந்த இடம் காலடியிலை தெரியும். எங்கை நடுறது சுகம்?"

கேள்வி 'எங்கே சுகம்' என்பது. சுஹைரா அதற்குத்தான் பதில் சொன்னாள். வடகரையில் மண் இறுகிக் கிடந்தது, அலவாங்கு போடாமல் குழி வராது. நடுச்சேற்றிலோ கையை விட்டாலே குழி. லுஹர் தொழுகைக்கு முன்னால், உச்சி வெயிலுக்குள், வீட்டுக்குப் போய்விடலாம்.

"அந்தா, அந்த மேட்டுச் சேறு. பஞ்சு மாதிரி இரிக்கும்" என்று கையை நீட்டினாள்.

அது மட்டித் திடல். அந்தச் சேறு ஏன் பஞ்சாக இருந்தது? காலங்காலமாகப் பெண்களின் கால் அதைத் துழாவி வைத்திருந்தது, அதனால். இருபது பெண்கள் கயிறு பிடித்து, நேர் வரிசையில், தங்கள் வயிற்றுப்பாட்டின் மேலேயே கன்று நட்டார்கள். சிரித்துக்கொண்டு படத்துக்கும் நின்றார்கள். பிரியாணி நல்லாய்த்தான் இருந்தது.

அந்தக் கிழமை முடியமுன் மஞ்சள் பலகை வந்தது. 'பாதுகாக்கப்பட்ட கண்டல் வலயம். உட்செல்லத் தடை. கன்றுகளைப் பிடுங்குவதும் சேதப்படுத்துவதும் குற்றம்.' திடலைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு நபீஸா பேசனோடு வந்து வாசலில் நின்றாள். "ராத்தா, ஆரு அந்த இடத்தக் காட்டின?"

"நான்தான்."

"கண்ணுல மண்ணா?"

"கண்ணுல இல்ல, மூளையில."

"அப்ப நீங்கதான் எடுத்துத் தரணும்" என்றாள் நபீஸா. மற்றப் பெண்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. கிணற்றடியில் சுஹைரா வந்தால் கதையை நிறுத்தினார்கள். ஏச்சென்றால் திருப்பி ஏசலாம். வாயை மூடிக்கொண்டு நிற்பவர்களை என்ன செய்வது? அவர்களுக்குத் திடலை வாங்கிக் கொடுக்காமல் அந்தக் கிணற்றடியில் தனக்கு இனி இடமில்லை என்று அவளுக்கு விளங்கியது.

இதற்குமேல் இன்னொன்றும் நடந்தது. கன்றுகளுக்குக் காவலாளியாக நீலக்கரை அமைப்பு ஹஸ்மியை எடுத்தது. ஹஸ்மி ஷிஃபானாவின் மாப்பிள்ளை. அந்தப் பக்கத்து வழக்கப்படி சுஹைராவின் வீட்டிலேயே இருப்பவன், அவள் சமைத்ததைச் சாப்பிடுபவன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை இது. செம்மஞ்சள் மேலங்கி, கழுத்தில் விசில்.

அடுத்த வத்துக்கு, தண்ணீர் வற்றி இறங்கியதும், சுஹைரா கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கினாள். கன்றை மிதிக்காமல் வரிசைக்கு இடையில்தான் போனாள். கரையில் ஹஸ்மி அங்குமிங்கும் நடந்தான். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, அதட்டவும் முடியாது. அதனால் விசிலை வாயில் வைத்து ஊதினான்.

சுஹைரா திரும்பவில்லை. அவன் இன்னும் பலமாக ஊதினான். குடாவில் போன தோணிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கோழியை விரட்டுவதுபோல ஒரு விசிலில் தன்னைத் தன் சேற்றிலிருந்து ஏற்றிய அந்த வெட்கம் அவளுக்கு நெஞ்சில் நெருப்பாய் நின்றது. வெறும் பேசனோடு கரையேறி, காலைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

பகல் சோற்றுக்கு ஹஸ்மி பாயில் இருந்தான். சுஹைரா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். நடுவில் ஷிஃபானா, கையில் அகப்பையோடு.

"மகள், உங்கட மாப்பிள்ளைக்கிட்டக் கேளுங்க, அந்த விசில் ஆருக்கு ஊதினதெண்டு."

"ஷிஃபானா, உம்மாக்குச் செல்லு, வேலையெண்டா எல்லாருக்கும் ஒரே விசில்தான்."

"அப்ப அந்தக் காட்ட வழிச்செடுத்த ஆளுக்கும் ஒருக்கா ஊதச் செல்லுங்க மகள்."

"அவர் கன்றுல கை வைக்கல்லயே. கன்றுல கை வச்சா ஆரா இருந்தாலும் ஊதுவன் எண்டு செல்லு."

"ரெண்டு பேரும் நேரா கதைங்களன்! சோறு ஆறுது!" என்று ஷிஃபானா அகப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இருவரும் நேராகக் கதைக்கவில்லை. ஆனால் மருமகன் சொன்ன அந்தக் கடைசிச் சொல் சுஹைராவின் காதில் தங்கிவிட்டது.

மாரி வந்து போனது. நட்ட கன்றில் பாதி தடியாகிவிட்டது. வத்து நேரத்திலும் முழுதாகத் தண்ணீருக்கு மேலே வராத சேறு அது, கன்று மூழ்கிச் செத்தது. பெண்கள் மட்டி இல்லாமல் செங்கல் வாடிக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் போனார்கள். முதுகு பிடித்தது. சுஹைரா திட்டினால்கூடக் காலைக் கழுவ நேரம் இல்லை என்றார்கள். பிறகுதான் நீலக்கரை அமைப்பு மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் வைத்தது.

முன்வரிசைக் கதிரையில் முனாப் ஹாஜியார். கூட்டத்துக்குச் சோடா அவர்தான் கொடுத்தார். முதலில் அவரையே பேசவிட்டார்கள். இயற்கை அல்லாஹ் நம்பி ஒப்படைத்த அமானிதம், அதைக் காப்பது ஒவ்வொருவருக்கும் கடமை என்று அழகாகச் சொன்னார். பெக்கோ மெசின் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த சுஹைராவுக்குக் காது சூடேறியது.

அடுத்தது சிவரூபன். "இது உங்கட நன்மைக்குத்தான் அம்மா. கன்று வளர்ந்தால் நண்டு வரும், இறால் வரும். கொஞ்சக் காலம் பொறுக்கவேணும்."

சுஹைரா எழும்பினாள். "வரும் தம்பி, நான் இல்லையெண்டு செல்லல்ல. கண்டல் வேணும். ஆனா முந்தி கண்டல் எங்க நிண்ட?"

"வடகரையிலை."

"ஆரு வெட்டின?"

சோடாப் போத்தல் ஒன்று உருண்டது. ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "பழைய கதையெல்லாம் எதுக்குப் புள்ள இப்ப? நல்ல காரியம் நடக்கக்குள்ள..."

"பழைய கதை இல்ல ஹாஜியார். வரம்பு இன்னும் நிக்கிது. வேணுமெண்டா கதவால எட்டிப் பாருங்க."

சிரிப்பு எழுந்தது. சிவரூபன் முகம் சிவந்து குறுக்கிட்டான். "நீங்களும் குஞ்சு மட்டி அள்ளினீங்கள்தானே அம்மா? முள்ளாலை கிளறின தடத்தை நான் என்ரை கண்ணாலை பாத்தனான்."

"ஓம், அள்ளினம். பசியில அள்ளினம். பிழைதான்." அவள் குரல் இறங்கவில்லை. "அதுக்கு மூடுங்க. மட்டி குஞ்சு போடுற மாதத்துல ஆத்த மூடுங்க, முள்ளத் தடுங்க, நானே கரையில காவல் நிக்கிறன். ஆனா வருசம் முழுக்க மூடி, அதுவும் எங்கட இடத்த மட்டும் மூடி வச்சா அது என்ன ஞாயம்? வெட்டினவர் கதிரையில இரிக்கார். பொறுக்கித் திண்டவள் கயித்துக்கு வெளியில நிக்கிறாள். நான் நோயாளி பாத்தவள் தம்பி. புண்ணு ஒரு கால்ல, நீங்க கட்டுப் போட்டிருக்கிறது மத்தக் கால்ல."

"பரிசீலிக்கிறம்" என்றான் சிவரூபன். கூட்டம் கலைந்தது. சோடா மிச்சமில்லாமல் முடிந்திருந்தது.

வெளியே மோட்டர்சைக்கிளடியில் அவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். குரலைத் தணித்தான். "அம்மா, கோவிக்காதேங்கோ. எனக்கும் தெரியும். அந்தச் சேறு கண்டலுக்குரிய இடம் இல்லை. வடகரை வரம்பிலைதான் நடவேணும் எண்டு நான் முதலே சொன்னனான். அந்தாளின்ரை பக்கம் கை வைக்க மேலை பயப்பிடுகினம்."

"அது ஹாஜியாரட காணியா?"

"இல்லை அம்மா, அரச காணி. பிடிச்சு வைச்சிருக்கிறார்."

"தெரிஞ்சுமா எங்கட திடல்ல நட்ட?"

"கன்று வந்திட்டுது, ஆக்கள் வந்திட்டினம், வேன் காத்துக்கொண்டு நிண்டது. நீங்களும் இடம் காட்டினீங்கள்."

தெரியாமல் செய்தவன் என்றால் அவள் பொறுத்திருப்பாள். தன்னைப்போல மூளையில் மண் என்று விட்டிருப்பாள். இவன் தெரிந்து செய்துவிட்டு அவளுடைய கையின் பின்னால் ஒளிகிறான். நேரே போய் மஞ்சள் பலகைக்கு முன்னால் நின்று அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிடுங்குவதும் சேதப்படுத்துவதும் குற்றம். யாருக்குக் குற்றம் என்று எழுதவில்லை. அப்படியென்றால் எல்லாருக்கும்தான். மருமகன் சொன்னதும் அதுதானே?

தென்கரையில் குணேஸ்வரி இருந்தாள். சின்னத் தோணி வைத்து நண்டு வலை போடுபவள். சுனாமி முகாமில் சுஹைராவோடு ஒரே அடுப்பில் சமைத்தவள். சுஹைரா விசயத்தைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"எண்டைக்கு?"

"வாற வெள்ளி. வத்து சரியா ஜும்ஆ நேரத்துக்கு விழுது. ஆம்பிளையள் எல்லாரும் பள்ளியில. ஹாஜியாரும் பள்ளியில, விசிலும் பள்ளியில."

"வெள்ளிக்கிழமை நான் விரதமெல்லோ. மீன், நண்டு ஒண்டும் தொடமாட்டன்."

"உன்னை ஆரு நண்டு தொடச் சொன்ன? மரம்."

"மரமெண்டால் ஓம். மரம் சைவம்தானே" என்று குணேஸ்வரி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை தாழைமுனையில் ஒரு வீட்டிலும் சோறு நேரத்துக்கு வேகவில்லை. பாங்கு சொல்லி, வெள்ளை உடுப்புகள் எல்லாம் தெருவால் போய் முடிந்ததும், பெண்கள் பேசன்களோடு ஆற்றுவாய்க்கு இறங்கினார்கள். கிணற்றடியில் வாயை மூடிக்கொண்டவர்களும் வந்தார்கள். கடைசியாக ஷிஃபானா வந்தாள்.

"நீ எதுக்கு வந்த? உன்ட மாப்பிள்ளைட வேல போகும்" என்றாள் சுஹைரா.

"போனா நீங்கதானே சோறு போடுற. சும்மா இரிங்க உம்மா" என்று ஷிஃபானா சாரியைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

செத்த தடிகளைத் தொடவில்லை. உயிருள்ள கன்றை மட்டும், இரண்டு கையையும் வேருக்கு அடியில் விட்டு, சேற்றோடு சேர்த்து, காயம்படாமல் தூக்கினார்கள். பேசனுக்குள் நிற்க வைத்தார்கள். அப்போதுதான் நபீஸா கத்தினாள்: "ராத்தா! காலடியில பாருங்க!"

சுஹைராவின் பெருவிரலுக்கும் அது தெரிந்துவிட்டது. மட்டி, நிறைய. விரலிடுக்கில் வழுகாமல் நிற்கும் அளவுக்குக் கொழுத்தது. யாரும் இறங்காமல் கிடந்த காலத்தில் குஞ்செல்லாம் பெருத்திருந்தது. அந்த விசில் வீணாய்ப் போகவில்லை என்பதை அவள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. மனதுக்குள் மட்டும் ஒப்புக்கொண்டாள்.

"இண்டைக்கு ஒரு மட்டியும் எடுக்கப்படாது" என்றாள்.

"ஒரு கறிக்கு மட்டும் ராத்தா..."

"ஒரு மட்டி பேசன்ல இருந்தாலும் களவெடுக்க வந்த எண்டுதான் செல்லுவானுகள். கன்றத் தூக்கு!"

நபீஸா முணுமுணுத்துக்கொண்டு தூக்கினாள். பேசன்களை ஒன்றோடொன்று இடுப்புக் கயிற்றால் முடிந்து, முன்முனையைக் குணேஸ்வரியின் தோணியில் கட்டினார்கள். அவள் மரக்கோலை ஊன்றித் தள்ள, கண்டல் கன்றுகள் வரிசையாக நிமிர்ந்து நின்று வடகரைக்குப் போயின. பெண்கள் பக்கத்தில் நடந்தும் நீந்தியும் போனார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. அது முடியமுன் வேலை முடியவேண்டும்.

வரம்பின் வெளிச்சரிவில் மண் இறுக்கம்தான். முதல் நடவில் வேண்டாமென்று தவிர்த்த அலவாங்கு இப்போது தேவைப்பட்டது, கொண்டுவந்திருந்தார்கள். ஓங்கிக் குத்தி, குழி எடுத்து, தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் நட்டார்கள். இந்தத் தடவை எங்கே சுகம் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாகச் சுஹைராவும் நபீஸாவும் திடலுக்குத் திரும்பி மஞ்சள் பலகையைக் கடைவாய்ப் பல்லை ஆட்டுவதுபோல ஆட்டிப் பிடுங்கி, தோணியில் கிடத்திக் கொண்டுவந்து, வரம்பின் உச்சியில் நட்டார்கள்.

தொழுகை முடிந்து வந்த ஆண்கள் முதலில் பார்த்தது வெறும் குசினியை. அடுத்தது பலகையை. கூட்டம் கரைக்கு வந்தது. முனாப் ஹாஜியார் அத்தர் மணக்க, வெள்ளை ஜுப்பாவோடு மோட்டர்சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன புள்ள இது? ஆருட காணியில ஆரு நடுற?"

"காலப் பாத்து வைங்க ஹாஜியார். கன்று" என்றாள் சுஹைரா. முழங்கைவரை சேறு. இடத்தைவிட்டு அசையவில்லை.

"இது என்ட வரம்பு!"

"வரம்பு உங்கட. மண் அரசாங்கத்துட. காடு எங்கட எல்லாருட. நீங்கதானே கூட்டத்துல சொன்ன, அமானிதமெண்டு? திருப்பித் தாறம், வாங்கிக்கங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். ஹாஜியாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "புடுங்கி எறியுங்கடா இதெல்லாம்!" என்றார். இளந்தாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தக் கன்றுகளை நட்டு நிற்பது அவரவர் உம்மா, மாமி, பொண்டாட்டி. ஒருவரும் நகரவில்லை.

கூட்டத்துக்குள் ஹஸ்மி நின்றான். ஜும்ஆச் சட்டைக்கு மேல் அவசரமாகப் போட்ட மேலங்கி, பொத்தான் பூட்டவில்லை. ஒரு பக்கம் வேலை, மற்றப் பக்கம் ஹாஜியார், சேற்றுக்குள் மனைவி.

சுஹைரா அவனைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை, ஷிஃபானாவிடமும் சொல்லவில்லை. ஊர் முன்னால், நேருக்கு நேர், முதல் தடவையாகக் கேட்டாள்.

"மருமகன், உங்கட வேல என்ன?"

"கன்றக் காக்கிற, மாமி."

"கன்று எங்க இரிக்கி?"

"இஞ்ச."

"அப்ப?"

அதற்குள் ஹாஜியார் குனிந்து, கைக்கு எட்டிய கன்றைப் பிடித்துவிட்டார். ஹஸ்மி விசிலை வாயில் வைத்து ஊதினான். மாமிக்கு ஊதியதைவிடப் பலமாகவே ஊதினான். குடாவில் போன தோணிகள் திரும்பிப் பார்த்தன. குனிந்தபடி ஹாஜியார் உறைந்து நின்றார். எழுதிய பலகை அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. ஜும்ஆவுக்கு வந்த ஊர் முழுக்க அதை வாசித்துக்கொண்டிருந்தது. கையை எடுத்தார். ஜுப்பாவில் சேறு.

இதோடு நீதி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தவர் ஹாஜியார், கூப்பிடப்பட்டவள் சுஹைரா. அரை நாள் மர வாங்கில் உட்கார்ந்திருந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தாள். காட்டை வெட்டியதற்கு இன்றுவரை ஒருவரும் ஒருவரையும் கூப்பிடவில்லை. சிவரூபன் தன் மேலிடத்துக்குச் சொன்ன விளக்கம் அவளுக்குப் பிறகு தெரியவந்தது: 'சமூகப் பங்களிப்புடன் கன்றுகள் பொருத்தமான இடத்துக்கு மாற்றப்பட்டன.' நல்ல தமிழ். அதில் அலவாங்கும் இல்லை, பொலிஸ் வாங்கும் இல்லை. அந்த விளக்கத்தால்தான் ஹஸ்மியின் வேலை தப்பியது, முறைப்பாடும் அத்தோடு படுத்துவிட்டது. அதனால் அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது சுலபமான காரியமல்ல.

திடல் திரும்பி வந்தது. சொன்ன சொல்லின்படியே சுஹைரா குஞ்சு போடும் மாதங்களில் கரையில் நின்றாள். இரும்பு முள்ளோடு வந்தவளைத் திருப்பி அனுப்பினாள், அது நபீஸாவாக இருந்தபோதும். "ஒரு விசில் போய் இன்னொரு விசில் வந்திரிக்கி" என்று நபீஸா காறித் துப்பிவிட்டுப் போனாள். மூன்று நாள் கதைக்கவில்லை. பிறகு மீன் ஆணம் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள்.

மாற்றி நட்டதில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டது. இலை விட்டதும் நீலக்கரை அமைப்பு வரம்பில் பந்தல் போட்டு விழா எடுத்தது. முனாப் ஹாஜியாருக்குப் பொன்னாடை. 'கண்டல் நடுகைக்கு மனமுவந்து இடமளித்த கொடையாளர்' என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பெண்களுக்குப் பந்தலின் பின்பக்கம் கதிரை போட்டிருந்தது. சுஹைராவிடம் தேத்தண்ணித் தட்டம் நீட்டப்பட்டது, பரிமாறச் சொல்லி.

அவள் தட்டத்தை வாங்கினாள். முதல் கோப்பையைத் தானே எடுத்துக் குடித்தாள். தட்டத்தைச் சிவரூபனின் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு வரிசையாகக் கொடுக்கத் தொடங்கினான்.

"சுஹைரா, படத்துக்கு வா புள்ள" என்று ஹாஜியார் பெருந்தன்மையாகக் கூப்பிட்டார்.

"படம் நீங்க எடுங்க ஹாஜியார். கன்று எண்ணி வச்சிரிக்கி. ஒண்டு குறைஞ்சாலும் ஊதுறதுக்கு என்ட மருமகன் இரிக்கார்."

பந்தல் ஓரத்தில் நின்ற ஹஸ்மி மேலங்கியின் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டான்.

சுஹைரா கீழே பார்த்தாள். தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. "எழும்புங்கடி, வத்து போகுது" என்று பின்வரிசைக்குச் சொன்னாள். கதிரைகள் இழுபடும் சத்தத்தில் ஒலிபெருக்கிக்காரர் பேச்சை நிறுத்தினார். பெண்கள் பேசன்களை எடுத்துக்கொண்டு, விழாவின் நடுவால், கன்றுகளை மிதிக்காமல் இறங்கிப் போனார்கள். சுஹைரா கரையில் குந்தியிருந்து இரண்டு காலுக்கும் காலுறை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள்.